ஐந்தாம் சாட்சிக்கு

இன்று காலை தில்லை நகர் அலுவலகத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்த மனிதரின் வாயிலிருந்து லவங்க வாடை அடித்தது. ஐம்பது வயது இருக்கும். பின்னால் அவருடைய மச்சான் நின்றுகொண்டிருந்தார். முந்தின நாள் மத்தியானம் போலீஸ் வண்டியை மறித்து, கருவியில் ஊதச் சொல்லியிருக்கிறார்கள். அளவு அதிகம். வண்டி ஸ்டேஷனில் நிற்கிறது. "ஒரே ஒரு பீர்தான் மேடம்" என்றார். எல்லோருமே அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். லவங்கத்தை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். நேற்றுக் குடித்ததை இன்று என்னிடம் மறைக்க வேண்டியதில்லை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

நான் பேனாவை வைத்துவிட்டுப் போய் ஜன்னலைத் திறந்தேன். அந்த மச்சான் அவசரமாக ஃபேனைக் கூட்டினார். குடி வாடை பிடிக்காமல்தான் எழுந்தேன் என்று நினைத்திருப்பார். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

கொரோனா வந்து போன பிறகு நீ கைப்பையில் நான்கு சின்னப் பாட்டில்கள் வைத்திருந்தாய். ஒன்றில் லவங்கம், ஒன்றில் காய்ந்த எலுமிச்சைத் தோல், ஒன்றில் பன்னீர், ஒன்றில் யூகலிப்டஸ் தைலம். தினமும் காலையிலும் சாயங்காலமும் ஒவ்வொன்றாகத் திறந்து மூக்கருகே பிடிக்க வேண்டும். அந்த வாசனை எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். அப்படிச் செய்தால் போன வாசனை திரும்பி வரும் என்று ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் உனக்குச் சொல்லியிருந்தார். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் நாம் நடக்கப் போகும்போது நீ அந்த வேலையையும் சேர்த்து முடித்துவிடுவாய். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டிலை என் பக்கம் நீட்டுவாய்.

"இது என்ன சொல்லு."

"லவங்கம்டி."

"எனக்கு வெறும் காத்து."

முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆறு மாதம் ஆன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு நாள் காவிரிப் பாலத்தில் நின்றுகொண்டு, "யாருகிட்டயும் சொல்லிடாத கலா. இன்னும் நாலு வருஷ சர்வீஸ் இருக்கு. கேஷுவாலிட்டில உக்காந்துகிட்டு வாசனை தெரியலன்னா என்ன சொல்லுவாங்க?" என்றாய். அப்போது பாலத்தில் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. உன் குரல் அதில் பாதி அமுங்கிவிட்டது. ஆனாலும் எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. அது என் காதில் விழாமலே போயிருக்கலாம் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

ஆறாம் வகுப்பில் பொன்மலையிலிருந்து ரயில்வே குடியிருப்புப் பிள்ளைகளோடு நீ எங்கள் கான்வென்டுக்கு வந்து சேர்ந்தாய். எனக்குப் பக்கத்து இடம். நீ மருத்துவம் படித்தாய், நான் சட்டம் படித்தேன். சேவியர் அண்ணாவைக் கல்யாணம் செய்துகொண்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்தபோது என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்தாய். முப்பது வருடங்களுக்கு மேல் நாம் அந்தச் சாலையில் நடந்திருக்கிறோம். அந்தக் கேஸுக்கு முன்னால் நம் இரண்டு பேருடைய வேலையும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதே இல்லை.

பிரபு என்னிடம் வந்தபோது அவன் கேஸில் உன் பெயர் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருக்கும் குடும்பம். முப்பத்திரண்டு வயது. ஜீயபுரம் பக்கம் நண்பனின் வாழைத்தோட்டத்தில் மதியச் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன்னால் குடி. நாலு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு திருச்சிக்குத் திரும்பும் வழியில், பள்ளிக்கூடம் விட்டு ஸ்கூட்டியில் வந்துகொண்டிருந்த தமிழரசி என்ற டீச்சரை இடித்துவிட்டான். அவர் கால் வண்டிக்கும் சிறுபாலத்துச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

"குடிச்சிருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"உங்ககிட்ட எதுக்கு மேடம் பொய் சொல்லணும். நல்லாவே குடிச்சிருந்தேன்."

வக்கீலிடம் கட்சிக்காரர் சொல்வது வெளியே போகக்கூடாது. முதல் வருடத்திலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அது. இன்று இந்த மடலில் எழுதுகிறேன் என்றால், இதைப் படிக்க நீ இல்லை என்பதால்தான். பிரபு அவனுடைய உண்மைப் பெயரும் அல்ல.

சம்பவ இடத்துக்கு வந்த போலீஸிடம் ஊதிப் பார்க்கும் கருவி இல்லை. அதனால் அவனை நேரே நீ வேலை பார்த்த அரசு மருத்துவமனைக்குக் கூட்டி வந்தார்கள். நீ ரத்தம் எடுக்க வேண்டும் என்று சொன்னாய். அதற்கென்று ஒரு குப்பி உண்டு, ரத்தம் கெட்டுப் போகாமல் இருக்க உள்ளே மருந்து போட்டது. அன்று அந்தக் குப்பி ஸ்டாக்கில் இல்லை. "பரவாயில்லைங்க டாக்டரம்மா, நீங்க பார்த்து எழுதிக் கொடுத்தாலே போதும்" என்று ஏட்டு சொன்னார். உள்ளே டீச்சரை வைத்துக்கொண்டு எலும்பு டாக்டருக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தாய் நீ. படிவத்தை வாங்கி நிரப்பினாய். பேச்சு குழறுகிறது. நடை தள்ளாடுகிறது. மூச்சில் மது வாடை உள்ளது. போதையில் இருக்கிறார். கையெழுத்து.

கேஸ் நகல் கைக்கு வந்த அன்று அந்தக் கையெழுத்தைப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த கையெழுத்து. மூன்றாவது வரியைத் திரும்பப் படித்தேன். உனக்கு வாசனை போய் அப்போது இரண்டு வருடம் தாண்டியிருந்தது.

நான் விலகியிருக்கலாம். சாட்சி என் சிநேகிதி, வேறு வக்கீலைப் பாருங்கள் என்று வக்காலத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்று எனக்கு நானே பல பதில்கள் சொல்லிக்கொண்டேன். பிரபுவின் மாமனார் எனக்குப் பத்து வருடப் பழக்கம். பாதியில் விட்டால் கட்சிக்காரன் கதி என்ன? எந்த வக்கீலாக இருந்தாலும் தனக்குத் தெரிந்ததைக் கேட்கத்தானே வேண்டும்? ஒவ்வொன்றும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இன்னொரு வக்கீலுக்கு அந்த விஷயம் தெரிந்திருக்காது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு சிநேகிதியாகத் தெரிந்துகொண்டதை வக்கீலாக எடுத்துக்கொண்டேன். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம் போனைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்றேன். உன் பெயரை எடுத்தேன். என்ன சொல்வது? 'நாளைக்கு நான் இதைக் கேட்கப் போகிறேன்' என்றா? சாட்சியிடம் முன்கூட்டிப் பேசுவது தவறு. அந்தத் தவறை மட்டும் நான் செய்யவில்லை. போனை அணைத்துவிட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அரசு வக்கீல் கேட்கும்போதே நீயாகவே, 'வாசனை எனக்கு வராது, நர்ஸ் சொல்லித்தான் எழுதினேன்' என்று சொல்லியிருப்பாய். உன் வாயால் நீயே சொன்னதாக அது போயிருக்கும். அந்த ஒரு கௌரவத்தையாவது உனக்கு நான் விட்டு வைத்திருக்கலாம்.

மறுநாள் நீ கோர்ட்டுக்குச் சீக்கிரமே வந்துவிட்டாய். வராந்தா பெஞ்சில் வெளிர் நீலச் சேலையில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்தது.

"நீயா இந்தக் கேஸு? அப்பாடா. யாரோ முன்னப் பின்ன தெரியாத ஆளு வந்து கத்தப் போறாருன்னு பயந்துகிட்டே வந்தேன்டி. சீக்கிரம் விட்டுடு கலா, ஓபில கூட்டம் இருக்கு."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. உள்ளே கூப்பிட்டார்கள் என்று மட்டும் ஞாபகம்.

அரசுத் தரப்பு ஐந்தாவது சாட்சி நீ. அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னாய். சர்டிபிகேட்டைக் காட்டி உன்னுடையதுதானா என்றார். ஆமாம் என்றாய். அவர் உட்கார்ந்தார். நான் எழுந்தேன். ரத்தம் எடுத்தீர்களா என்று கேட்டேன். இல்லை, குப்பி இல்லை என்றாய். கருவியில் ஊதிய அளவு ஏதாவது உங்களிடம் கொடுத்தார்களா என்றேன். இல்லை என்றாய். அங்கேயே நான் உட்கார்ந்திருக்கலாம்.

"மூச்சுல மது வாடை இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க, டாக்டர். அது நீங்களே முகர்ந்து பார்த்ததா?"

நீ மாஜிஸ்திரேட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். சட்டென்று புரியாமல், பிறகு மெல்லப் புரிந்துகொண்டு பார்த்தாய். பொய் சொல்லியிருக்கலாம் நீ. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்னால் அதற்கு மேல் எதையும் நிரூபித்திருக்க முடியாது. என்னிடம் என்ன ஆதாரம் இருந்தது? ஒரு பாலமும் நான்கு பாட்டில்களும்.

"இல்ல. சிஸ்டர் சொன்னாங்க. அதை வெச்சு எழுதினேன்."

"உங்களுக்கு வாடை தெரியலையா?"

"எனக்கு வாசனை வராது."

"எவ்வளவு நாளா?"

"கொரோனா வந்ததுலேர்ந்து."

"இத உங்க மேலதிகாரிகளுக்குத் தெரிவிச்சிருக்கீங்களா?"

"இல்ல." பிறகு உன் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "ஆனா அவர் நிதானத்துல இல்லைங்கய்யா. சட்டைப் பட்டனைப் போடச் சொன்னேன், போட முடியல. நேரா நாலு அடி நடக்கச் சொன்னேன், செவுத்த..."

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க, டாக்டர்."

சொன்னது நான்தான். எத்தனையோ சாட்சிகளிடம் சொன்ன வாக்கியம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீ நிறுத்திவிட்டாய். மாஜிஸ்திரேட் நீ சொன்னதைத் தட்டச்சரிடம் திரும்பச் சொன்னார். 'எனக்கு வாசனை அறியும் திறன் இல்லை.' தட்டச்சர் அதை அடித்து முடிக்கும்வரை நீ கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டாய். என்னைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். போனாய்.

அடுத்த நாள் காலை நடக்க நீ வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு மூலையில் நாலு வரி வந்தது. வாசனை தெரியாத டாக்டர் குடிபோதைச் சான்றிதழ் கொடுத்தார் என்று. யார் போய்ச் சொன்னார்களோ. உன் மருத்துவமனையில் உன்னைக் கேஷுவாலிட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதைவிட மோசமானது ஒன்று நடந்தது. நீ சர்டிபிகேட் கொடுத்த மற்றக் கேஸ்களிலும் வக்கீல்கள் உன்னைத் திரும்பக் கூண்டில் ஏற்ற மனு போட ஆரம்பித்தார்கள். என் குறுக்கு விசாரணையின் நகலை வாங்கிப் போய் அதில் இணைத்தார்கள். ஒரு ஜூனியர் என்னிடமே வந்து, "மேடம், அந்த மூக்கு பாயிண்ட் எங்களுக்கும் யூஸ் ஆச்சு" என்று கை கொடுத்தார். நான் கையைக் கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்வது?

மூன்று வாரம் கழித்து உன் வீட்டுக்கு வந்தேன். கதவை நீதான் திறந்தாய்.

"வாங்க மேடம். உக்காருங்க."

அந்த 'வாங்க'வில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். நோயாளியின் சொந்தக்காரரிடம் பேசுவதுபோல அவ்வளவு மரியாதையாகச் சொன்னாய். நாற்பது வருடமாக 'டி' போட்டுக் கூப்பிட்ட வாய். நான் உட்கார்ந்தேன். காபி கொண்டுவந்து வைத்தாய்.

"நல்லாருக்கான்னு நீங்கதான் சொல்லணும். எனக்குத் தெரியாது."

"என்னடி இப்படிப் பேசுற?"

"எப்படிப் பேசுறேன்?" என்று உண்மையிலேயே கேட்டாய். பிறகு நீயே, "மெமோவுக்குப் பதில் எழுதணும். நான் செஞ்சது தப்புதான். முகராம எழுதியிருக்கக் கூடாது. அவன் தள்ளாடினான், அது போதும்னு அத மட்டும் எழுதியிருக்கணும்" என்றாய். என் மேல் ஒரு வார்த்தை இல்லை. காபி நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னேன். கொஞ்சம் தீய்ந்திருந்தது.

தீர்ப்பு வந்த அன்று பிரபுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குடித்து ஓட்டிய குற்றம் நிரூபிக்கப்படவில்லை. கவனமில்லாமல் ஓட்டிக் காயம் ஏற்படுத்தியதற்கு அபராதம் மட்டும். "டாக்டரம்மா மூக்கப் புடிச்சீங்க பாருங்க மேடம், அங்கயே முடிஞ்சு போச்சு" என்றான். அவன் போன பிறகு வராந்தாவில் தமிழரசி டீச்சர் ஊன்றுகோலோடு என்னை நோக்கி வந்தார். அவரைப் பார்க்காததுபோலப் போயிருப்பேன். ஆனால் அவர் நடக்கும் வேகத்தைப் பார்த்த பிறகு அப்படிப் போக முடியவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? அப்ப அவர் குடிக்கலையா?"

"அது நிரூபணம் ஆகலைம்மா."

"நிரூபணத்தக் கேக்கலைங்க. நான் கீழ கெடந்தப்ப அவர் குனிஞ்சு பார்த்தாரு. வாடை குப்புனு அடிச்சுது. நானும் சொன்னேன், எழுதிக்கிட்டாங்க. வலில இருந்த ஆளு சொல்றது, தனியா நிக்காதுன்னுட்டாங்களாம். உங்களுக்குத் தெரியும்ல? குடிச்சிருந்தாரா இல்லையா?"

எனக்குத் தெரியும். சொல்ல முடியாது. அவருக்குத் தெரியும், உனக்குத் தெரியும், பிரபுவுக்குத் தெரியும். அநேகமாக மாஜிஸ்திரேட்டுக்கும் தெரிந்திருக்கும். அந்த வராந்தாவில் அதைத் தெரியாதது மாதிரி நிற்க வேண்டியவள் நான் ஒருத்திதான்.

"அத நான் சொல்லக் கூடாதும்மா" என்றேன்.

அவர் தலையாட்டினார். கோபப்படவில்லை. படி இறங்க ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டார். உதவலாமா என்று நினைத்து, எந்த முகத்தோடு என்று நினைத்து, நின்றுவிட்டேன்.

தீர்ப்பின் நகலை வாரக் கடைசியில்தான் முழுதாகப் படித்தேன். பதினோரு பக்கம். குடித்து ஓட்டியது பற்றி இரண்டே பத்தி. ரத்த மாதிரி எடுக்கப்படவில்லை, கருவியின் அளவும் இல்லை, ரத்தத்தில் மது எவ்வளவு இருந்தது என்று காட்டாமல் இந்தச் சட்டப்படி ஒருவரைத் தண்டிக்க முடியாது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வரி: இந்நிலையில் ஐந்தாவது சாட்சியின் திறன் குறித்து எழுப்பப்பட்ட வாதத்தைப் பரிசீலிக்க வேண்டிய அவசியம் எழவில்லை.

அந்த வரியை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. குப்பி இல்லை என்று நீ சொன்ன அந்த நிமிஷமே கேஸ் முடிந்துவிட்டது. அந்தச் சட்டம் எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று கேட்டேன். கையில் இருப்பதை எல்லாம் போட்டுவிட வேண்டும் என்ற பழக்கம். நல்ல கேள்வி ஒன்று இருக்கும்போது அதைக் கேட்காமல் உட்கார மனம் வரவில்லை. அதில் ஒரு பெருமையும் இருந்தது. உன்னிடம் ஒளிப்பதற்கு இனி என்ன இருக்கிறது.

உன்னிடம் போய் அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். நீ விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாய் என்று சேவியர் அண்ணா ஒரு நாள் கடைத்தெருவில் பார்த்துச் சொன்னார். தமிழரசி டீச்சர் உன்னைத் தேடிக்கொண்டு வீட்டுக்கு வந்ததையும் சொன்னார். நீ அவர் காலைப் பார்த்து, கம்பி வைத்த இடத்தைத் தொட்டுப் பார்த்து, என்னென்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தாயாம். "நான் சரியா எழுதியிருந்தா உங்களுக்கு நியாயம் கெடச்சிருக்கும்" என்று மன்னிப்புக் கேட்டாயாம். அது அப்படியில்லை என்று உன்னிடம் சொல்ல வேண்டியவள் நான். நீ எப்படி எழுதியிருந்தாலும் அந்தக் கேஸ் நின்றிருக்காது. கடைத்தெருவில் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குள் உனக்கு மஞ்சள் காமாலை மாதிரி வந்தது. கணையத்தில் கட்டி என்றார்கள். உனக்கே தெரியும் அது எத்தனை நாள் என்று. யாரும் உன்னிடம் மறைக்க வேண்டியிருக்கவில்லை.

தில்லை நகரில் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடி. மத்தியான வெயில் திரையைத் தாண்டிக் கட்டிலில் விழுந்திருந்தது. கண்ணெல்லாம் மஞ்சள். நான் வந்ததும் சேவியர் அண்ணா, "நீங்க பேசிக்கிட்டிருங்க, நான் சாப்பிட்டு வந்துடுறேன்" என்று கீழே போனார். நான் உன் காலைப் பிடித்துவிட்டேன். வேண்டாம் என்று நீ சொல்லவில்லை. வலியில் சொல்லாமல் இருந்தாயா, வேறு எதற்காகவா என்று தெரியவில்லை.

பிறகு கேட்டாய். "அந்தக் கேள்வி அவசியமா இருந்துச்சா, கலா?"

மேடம் என்று சொல்லவில்லை. பெயரைச் சொன்னாய். பல மாதங்களுக்குப் பிறகு என் பெயர் உன் வாயில் வந்தது. அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் கலைந்துபோயிற்று. உண்மையைச் சொன்னால், உன் வேலை, உன் பெயர், நீ கூண்டில் நின்றது எல்லாம் வீணுக்கு என்றாகிவிடும். இருக்கப்போகும் பத்துப் பதினைந்து நாளில் அதையும் சேர்த்து நீ சுமக்க வேண்டுமா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். உன் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை என்பதும் உண்டு.

"ஆமா" என்றேன். "அது இல்லாட்டி கேஸ ஜெயிச்சிருக்க முடியாது."

நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய்.

"அப்ப சரி" என்றாய்.

கண்ணை மூடிக்கொண்டாய். நீ தூங்கிவிட்டாய் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். பன்னிரண்டாம் நாள் சேவியர் அண்ணா போன் செய்தார்.

முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து வீட்டுக்குப் போனபோது, உன் ஓய்வூதியக் காகிதங்களில் ஏதோ சிக்கல், பார்த்துச் சொல்லும்மா என்று அவர் ஒரு ஃபைலைக் கொடுத்தார். உன் ஃபைல்தான். எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கியிருந்தாய். மெமோ, அதற்கு நீ எழுதிய பதில். பதிலோடு இணைக்க வேண்டும் என்று கோர்ட்டில் நீயே மனுப் போட்டு வாங்கிய தீர்ப்பு நகல். பதினோரு பக்கமும் இருந்தது. நகல் கொடுத்த தேதியைப் பார்த்தேன். நான் ஆஸ்பத்திரியில் உன் காலைப் பிடித்துவிட்ட நாளுக்கு நான்கு மாதம் முந்தியது.

ஒன்பதாம் பக்கத்தில், அவசியம் எழவில்லை என்ற வரிக்கு நேரே, ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு இழுத்திருந்தாய். வேறு எந்தப் பக்கத்திலும் எதுவும் இல்லை.

"என்னம்மா, ஏதாவது தப்பா இருக்கா?" என்று சேவியர் அண்ணா கேட்டார்.

"இல்லண்ணா. எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

நீ படித்திருந்தாய். எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்டாய். நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கக் கேட்டாயா? நானாகச் சொல்லட்டும் என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தாயா? கூண்டில் நின்று உன்னால் சொல்ல முடிந்த உண்மையை உன் கட்டிலருகே உட்கார்ந்து என்னால் சொல்ல முடியவில்லை. அதைப் பார்த்த பிறகு நீ 'அப்ப சரி' என்றாய். மன்னித்துச் சொன்னாயா, இவ்வளவுதான் இவள் என்று முடித்துக்கொண்டு சொன்னாயா, களைப்பில் சொன்னாயா? உன் முகத்தை எத்தனை முறை ஞாபகத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாலும் தெரியவில்லை. மனிதர்கள் சொல்வதில் எது உண்மை, எது பொய் என்று பிரித்துச் சொல்வதுதான் என் தொழில் என்று பேர்.

நான் இன்னும் இந்தக் கேஸ்களை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். விட்டுவிடுவேன் என்று ஒரு மாதம் நினைத்தேன், விடவில்லை. தமிழரசி டீச்சரைச் சில சமயம் பஸ்ஸில் பார்க்கிறேன். அவர் எனக்கு வணக்கம் சொல்கிறார். நானும் சொல்கிறேன். அதற்கு மேல் எங்களிடம் பேச எதுவும் இல்லை.

உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒரே சொல்தான். இல்லை. அவசியமாக இருக்கவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டிய அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் கோர்ட்டுக்குப் போகிறேன், வருகிறேன், சமைக்கிறேன், தூங்குகிறேன். வாங்கிக்கொள்ள வேண்டியவள் நீ ஒருத்திதான். நீ இல்லை.